நண்டு ஏன் பேச மாட்டேங்குது?

டெஸ்க்டாப்பில் சத்தம் போச்சா? மதர்போர்டை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க பாஸ்!

செமஸ்டர் லீவுக்கு ஊருக்கு வரும் இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட்டுக்கு எங்க திருமானூரில் ஒரு தனி மரியாதை உண்டு. பஸ்ஸை விட்டு இறங்கி வீடு போய்ச் சேர்றதுக்குள்ள மூணு பேராவது வழிமறிச்சு, "தம்பி, நம்ம வீட்டு கம்ப்யூட்டரைக் கொஞ்சம் வந்து பாரேன்" என்பார்கள். "மாமா, நான் படிக்கிறது மெக்கானிக்கல்" என்று சொல்லிப் பாருங்கள். "அதனால என்னப்பா, அதுவும் மெஷின்தானே!" என்று லாஜிக்கில் அடிச்சிடுவாங்க. சம்பளம்? ஒரு டம்ளர் காபி, ரெண்டு முறுக்கு, கூடவே "அரியர் எத்தனை வெச்சிருக்க?" என்ற விசாரணைக் கமிஷன்.

இப்படி வர்ற கேஸ்களில் நம்பர் ஒன் எது தெரியுமா? வைரஸ் இல்லை. ஹேங் ஆகறதும் இல்லை. "பாட்டு வரல தம்பி!" இதுதான். அதுவும் யாராவது விண்டோஸை அழிச்சுட்டுப் புதுசா போட்டுக் கொடுத்த மறுநாளே வரும். படம் ஓடுது, ஹீரோ வாயசைக்கிறார், பின்னாடி இருபது பேர் ஆடறாங்க, ஆனா எல்லாம் ஊமைப்படம். ஸ்கிரீன் மூலையில் ஸ்பீக்கர் பொம்மை மேல குட்டியா ஒரு சிவப்பு பெருக்கல் குறி.

பாட்டு வரலைன்னா குடியா முழுகிடும்னு கேக்கறீங்களா? பாட்டு மட்டும்னா பரவாயில்லை. 2020-ல ஸ்கூல், காலேஜ் எல்லாம் ஆன்லைனுக்குப் போனப்ப ஊர்ப்பக்கம் நிறைய வீடுகளுக்குள் பழைய ஆபீஸ் டெஸ்க்டாப்புகள் வந்து சேர்ந்தன. அதில்தான் இன்னிக்கும் தங்கச்சி கோச்சிங் வீடியோ பாக்குது, சிங்கப்பூர்ல இருக்கிற அண்ணன்கிட்ட அம்மா பேசுறாங்க. சத்தம் போச்சுன்னா அந்தப் பெட்டி பாதி செத்த மாதிரிதான்.

திருமானூர் கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கு. பெரிய ரிப்பேர்னா இந்தப் பக்கம் அரியலூர், அந்தப் பக்கம் பாலத்தைத் தாண்டி திருவையாறு, தஞ்சாவூர். கேபினெட்டைச் சாக்குல சுத்தி, பஸ்ல மடியில வெச்சு, யாரும் முட்டாம காப்பாத்தி எடுத்துட்டுப் போகணும். போனா ஒரு சில கடைகளில் (எல்லாரையும் சொல்லலை, நல்ல மெக்கானிக்குகள் கோவிச்சுக்காதீங்க) ரெண்டே நிமிஷத்துல தீர்ப்பு எழுதிடுவாங்க: "மதர்போர்டு போச்சுங்க. மாத்தணும்." வீட்டு பட்ஜெட்டில் சில ஆயிரம் காலி.

நான் பாத்தவரைக்கும் அந்த மதர்போர்டுகளில் பலது சாகவே இல்லை. அதுல இருக்கிற ஒரு சின்னச் சிப்போட பேரைக் கேக்காமலேயே ஏதோ ஒரு டிரைவரைத் திணிச்சிருப்பாங்க. அவ்வளவுதான் மேட்டர்.

நண்டும் துபாஷியும்

கரண்ட் ப்ளக்கை உருவிட்டு கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழட்டிப் பாருங்க. பின்பக்கம் பச்சை, நீலம், ரோஸ் கலர் ஓட்டைகள் இருக்கே, அதுக்கு உள்பக்கமா விரல்நகம் சைஸ்ல சதுரமா ஒரு கறுப்புச் சிப் இருக்கும். உத்துப் பாத்தா அது மேல ஒரு நண்டுப் படம்! கொள்ளிடத்து நண்டு இல்ல பாஸ், தைவான் நண்டு. 1987-ல தைவானின் சிஞ்சு நகரத்துல ஆரம்பிச்ச ரியல்டெக் கம்பெனியோட லோகோ அது. நம்ம ஊர் டெஸ்க்டாப்புகளில் ஏகப்பட்டதுக்குக் குரல் கொடுக்கிறது இந்த நண்டுதான். பக்கத்துலயே இன்னொரு நண்டு இருந்தா குழம்பாதீங்க. 'ஆர்டிஎல்'னு ஆரம்பிச்சா அது நெட்வொர்க் நண்டு. 'ஏஎல்சி'னு ஆரம்பிச்சாதான் நம்ம சத்த நண்டு.

இந்தச் சிப்புக்குப் பேர் கோடெக். பாட்டுங்கறது கம்ப்யூட்டருக்குள்ள வெறும் எண்கள். சிடி தரத்துல ஒரு விநாடிக்கு, ஒரு காதுக்கு மட்டும், 44,100 எண்கள். அத்தனையையும் மின்சார அலையா மாத்தி ஸ்பீக்கருக்கு அனுப்புறது கோடெக். மைக்கில் நாம பேசறதைத் திருப்பி எண்ணாக்குறதும் அதுவேதான்.

அப்ப டிரைவர்? அது மொழிபெயர்ப்பாளர். ஹிஸ்டரி கிளாஸ்ல தூங்காதவங்களுக்கு புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையைத் தெரிஞ்சிருக்கும். 18-ம் நூற்றாண்டுல பிரெஞ்சு கவர்னர் டூப்ளேவுக்கு துபாஷியா இருந்தவர், பிரமாதமா டைரி எழுதினவர். கவர்னர் பிரெஞ்சுல பேசுவார், வியாபாரிகள் தமிழ்ல பேசுவாங்க, நடுவுல துபாஷி. பிள்ளை லீவு போட்டுட்டா கவர்னர் நாள் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒரு துணி மூட்டை நகராது. இங்க விண்டோஸ்தான் கவர்னர், நண்டுதான் வியாபாரி. ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க. துபாஷியைத்தான் காணோம், இல்லைன்னா வேற ஊர் துபாஷியைக் கொண்டாந்து விட்டிருக்காங்க.

நம்ம சீனியர்கள் பட்ட பாட்டுக்கு இதெல்லாம் ஜுஜுபி. 1981-ல வந்த ஐபிஎம் பிசிக்கு 'பீப்' மட்டும்தான் தெரியும். 1989-ல சிங்கப்பூரின் கிரியேட்டிவ் கம்பெனி 'சவுண்ட் பிளாஸ்டர்' கார்டை விட்ட பிறகுதான் பிசி வாயைத் திறந்து பாடிச்சு. ஆனா கார்டைச் சொருகினா போதாது. குட்டிக் குட்டி ஜம்பர்களைப் பிடுங்கி நட்டு, 'இந்தக் கார்டுக்கு இந்த நம்பர்'னு கையால ஒதுக்கணும். ரெண்டு கார்டு ஒரே நம்பருக்கு ஆசைப்பட்டா ரெண்டும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும். 1997-ல இன்டெல் 'ஏசி 97'னு ஒரு பொதுவிதி கொண்டு வந்துச்சு, 2004-ல 'ஹை டெஃபனிஷன் ஆடியோ'. இதுக்குள்ள சவுண்ட் கார்டு தனிக்குடித்தனத்தை விட்டுட்டு மதர்போர்டிலேயே செட்டில் ஆயிடுச்சு. இந்த 2004 விதி நமக்கு எப்படி உதவுதுன்னு கொஞ்ச நேரத்துல சொல்றேன்.

முதல் அஞ்சு நிமிஷம்

டிரைவர் பக்கம் போறதுக்கு முன்னாடி, சிரிக்காம இதைச் செக் பண்ணிடுங்க. ஸ்பீக்கருக்கு கரண்ட் இருக்கா? பின் பச்சை ஓட்டையிலதான் இருக்கா? வால்யூம் மியூட்ல இல்லையே?

இன்னொண்ணு. மானிட்டரை ஹெச்டிஎம்ஐ கேபிளில் மாட்டியிருந்தா விண்டோஸ் சத்தத்தை ஸ்பீக்கருக்கு அனுப்பாம மானிட்டருக்கு அனுப்பிட்டு நிம்மதியா உக்காந்திருக்கும். மானிட்டர்லயோ ஸ்பீக்கரே இருக்காது. டாஸ்க்பார் ஸ்பீக்கர் பொம்மையைக் கிளிக் பண்ணி, சத்தம் எந்த சாதனத்துக்குப் போகுதுன்னு பாத்து மாத்துங்க. ஒரு கிளிக் வேலை. இதுக்குப் போயி விண்டோஸையே அழிச்சுப் போட்டவங்களும் இருக்காங்க.

மஞ்சள் முக்கோணம்

இது எதுவும் இல்லைன்னா விண்டோஸ் கீயும் எக்ஸும் சேர்த்து அமுக்குங்க. வர்ற லிஸ்ட்ல 'டிவைஸ் மேனேஜர்'. அங்கே மூணுல ஒரு காட்சி தெரியும்.

ஒண்ணு, சத்தத்துக்கான சாதனமே லிஸ்ட்ல இல்லை. இதுதான் கடைக்காரங்க மதர்போர்டுக்குச் சங்கு ஊதுற இடம். பதறாதீங்க. பயாஸ் செட்டிங்கில் 'ஆன்போர்டு ஆடியோ' அணைஞ்சிருக்கலாம். ஸ்டார்ட் ஆகும்போதே டெலீட் கீயோ எஃப்2-வோ தட்டி உள்ளே போய் அதை 'எனேபிள்' பண்ணிட்டு வாங்க. போர்டில் இருக்கிற குட்டி பேட்டரி தீர்ந்தா பயாஸ் செட்டிங் பழையபடி மாறிடும்கிறதையும் ஞாபகத்துல வெச்சுக்குங்க. டேட்டும் டைமும் அடிக்கடி தப்பாக் காட்டுதுன்னா அந்த பேட்டரிதான் குற்றவாளி.

ரெண்டாவது, மஞ்சள் முக்கோணத்தோட ஒரு வரி இருக்கும். ரொம்ப சந்தோஷம்! ஆள் உயிரோட இருக்கான், பேசத்தான் துபாஷி இல்லை. அதை டபுள் கிளிக் பண்ணா ஒரு கோட் நம்பர் காட்டும். 28-னா டிரைவரே போடலை. 10-னா போட்டிருக்கு, ஆனா சாதனம் ஸ்டார்ட் ஆகலை, பல நேரம் தப்பான டிரைவர். 52-ன்னா டிரைவரின் டிஜிட்டல் கையெழுத்தை விண்டோஸ் ஏத்துக்கலை. இந்த 52 வந்தா "சிக்னேச்சர் செக்கிங்கையே ஆஃப் பண்ணிடு மச்சி" என்று ஒரு நண்பன் ஐடியா கொடுப்பான். வேண்டாம். வீட்டுப் பூட்டு மக்கர் பண்ணுதுன்னு கதவையே கழட்டி வைக்கிற வேலை அது. வேற டிரைவர் தேடுங்க.

மூணாவது, 'ஹை டெஃபனிஷன் ஆடியோ டிவைஸ்'னு பொதுப்பேரோட, எந்தக் குறியும் இல்லாம இருக்கும். இதைப் பார்த்து "டிரைவர் போடலைபோல"ன்னு நினைச்சுடாதீங்க. அது விண்டோஸோடவே வர்ற பொது டிரைவர். 2004-ல வந்த பொதுவிதியைப் பெரும்பாலான சிப்புகள் மதிக்கிறதால, பாட்டு கேக்க, வீடியோ கால் பேச இதுவே போதும். சத்தம் வருதுன்னா கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க. ஓடுற பஸ்ஸுக்கு எதுக்கு ரிப்பேர்?

பேரென்ன? ஊரென்ன?

இப்பதான் முக்கியமான இடம். மஞ்சள் முக்கோணம் போட்ட வரியை டபுள் கிளிக் பண்ணி, 'டீடெய்ல்ஸ்' டேபில் 'ஹார்டுவேர் ஐடிஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்க. பாக்க பாஸ்வேர்டு மாதிரி நீளமா ஒரு வரி வரும். பயந்து மூடிடாதீங்க. அதுதான் நம்ம நண்டோட ஆதார் கார்டு.

அந்த வரியில் 'வென்' என்ற மூணு எழுத்துக்குப் பின்னாடி வர்ற நாலு எழுத்துதான் கம்பெனி. 10ஈசி-ன்னா ரியல்டெக். பேர்லயே ஈசி இருக்கு, மறக்காது. 1106-ன்னா வியா. 8086-ன்னா இன்டெல். 1978-ல வந்த அவங்களோட புகழ்பெற்ற ப்ராசஸர் நம்பரையே கம்பெனிக்கும் அடையாளமா வெச்சுக்கிட்டாங்க, தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிற மாதிரி. 1002-னா ஏஎம்டி, 10டிஈ-ன்னா என்விடியா. இந்தக் கடைசி ரெண்டும் வந்தா பெரும்பாலும் அது கிராஃபிக்ஸ் கார்டு வழியா ஹெச்டிஎம்ஐக்குப் போற சத்தம். அதுக்கு டிரைவர் போட்டுட்டுப் பச்சை ஓட்டையில் பாட்டு வரலையேன்னு உக்காந்திருந்தா விடிய விடிய உக்காரணும். இந்த ஒரு குழப்பத்திலேயே பாதி நாள் போயிடும், நிறையப் பேருக்குப் போயிருக்கு.

அடுத்து 'டெவ்' என்பதுக்குப் பின்னாடி நாலு எண். 0662-ன்னா ஏஎல்சி 662. 0887-ன்னா ஏஎல்சி 887. 0897-ன்னா ஏஎல்சி 897. எவ்வளவு நேர்மை பாருங்க! கொஞ்சம் தள்ளி 'சப்சிஸ்'னு ஒண்ணு வரும். அதோட முதல் நாலு எண் மதர்போர்டு கம்பெனியைக் காட்டிக் கொடுக்கும். 1458 ஜிகாபைட், 1043 ஏசூஸ், 1462 எம்எஸ்ஐ. ஒரே சிப்பை வாங்கினாலும் எந்த ஓட்டைக்கு எந்தக் காலை இணைக்கிறதுங்கறது ஒவ்வொரு போர்டுக்கும் மாறும். பக்கத்து வீட்டுக்குப் போட்ட டிரைவரைப் பென் டிரைவ்ல வாங்கிட்டு வந்து போட்டா சில நேரம் சத்தம் வரும் ஆனா மைக் வராது, இல்லைன்னா முன்பக்க ஓட்டை வேலை செய்யாது. அதுக்குக் காரணம் இதுதான்.

போர்டோட மாடல் பேர் தெரியணுமா? ஸ்டார்ட்டில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்'னு டைப் பண்ணித் திறந்தா 'பேஸ்போர்டு ப்ராடக்ட்'னு ஒரு வரி இருக்கும். டெல், ஹெச்பி, லெனோவா மாதிரி கம்பெனி டெஸ்க்டாப்னா கேபினெட்ல ஒட்டியிருக்கிற சர்வீஸ் டேக் அல்லது சீரியல் நம்பரே போதும். செகண்ட் ஹேண்ட்ல வாங்கும்போது அந்த ஸ்டிக்கரைச் சுரண்டிடாதீங்க, சுரண்டினதை வாங்கவும் யோசிங்க.

பத்து பட்டன், ஒண்ணுதான் அசல்

பேர் கையில் இருந்தா மீதி சுலபம். போர்டு கம்பெனியோட சொந்த சைட்டில், அந்த மாடலுக்கான சப்போர்ட் பக்கத்தில், உங்க விண்டோஸுக்கான ஆடியோ டிரைவர். 32 பிட்டா, 64 பிட்டான்னு பாத்து எடுக்கணும். சிப்செட் டிரைவர்னு ஒண்ணு இருந்தா அதை முதல்ல போட்டு, ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிட்டு அப்புறம் ஆடியோவுக்கு வாங்க. ஏன்னா நண்டு உக்காந்திருக்கிற ரோடே சிப்செட்தான். ரோடு போடாம பஸ் விட முடியாது.

பழைய போர்டுகளுக்கு விண்டோஸ் 7 டிரைவரோட கம்பெனி கையைக் கழுவியிருக்கும். 64 பிட் விண்டோஸ் 7 டிரைவர் பல நேரங்களில் 64 பிட் விண்டோஸ் 10-லயும் ஏறிக்கும், முயற்சி பண்ணலாம். ஏறலைன்னா மேலே சொன்ன பொது டிரைவர் இருக்கவே இருக்கு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த வழக்கமான இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. அதனால சத்தம் நின்னுடாது, ஆனா நெட்டில் மேயும்போது கூடுதல் ஜாக்கிரதை வேணும்.

ஜாக்கிரதைன்னதும் ஞாபகம் வருது. 'ஃப்ரீ ஆடியோ டிரைவர்'னு தேடினா வர்ற பக்கங்கள் இருக்கே, அது ஒரு தனி திருவிழா. பக்கம் முழுக்க பச்சையா 'டவுன்லோடு' பட்டன்கள், பாதிக்கு மேல விளம்பரம். 'உங்கள் கம்ப்யூட்டரில் 37 டிரைவர்கள் பழுது!'னு மிரட்டி, சரி பண்ணக் காசு கேக்கிற சாஃப்ட்வேர்கள் வேற. ஒண்ணுக்குப் போய் நாலு வாங்கின கதையா, சத்தமும் வராது, பிரவுசரைத் திறந்தா முன்பின் தெரியாத சர்ச் பேஜ் வந்து நிக்கும். நண்டோட பேரைத் தெரிஞ்சுக்காதவங்கதான் இந்தக் கடைகளுக்கு ரெகுலர் கஸ்டமர்.

ரெண்டு துபாஷி சண்டை

சரியான டிரைவரை எடுத்தும் 'இன்ஸ்டால் ஃபெயிலியர்'னு முகத்துல அறைஞ்சா? பழைய டிரைவர் இன்னும் காலி பண்ணலைன்னு அர்த்தமா இருக்கலாம். விண்டோஸ் 10 காலத்துல டிரைவர் கட்டுற முறையையே மைக்ரோசாஃப்ட் மாத்திச்சு. பழைய பாணி ரியல்டெக் டிரைவரில் கன்ட்ரோல் பேனல் கூடவே வரும். புதுப் பாணியில் டிரைவர் தனி, 'ரியல்டெக் ஆடியோ கன்சோல்' என்ற ஆப் தனி. அது மைக்ரோசாஃப்ட் ஸ்டோர்லேருந்து வரும். ஒண்ணு மேல ஒண்ணைப் போட்டா ரெண்டு துபாஷியும் ஒரே நேரத்துல பேசின கதைதான்.

முதல்ல நெட்டைத் துண்டிச்சிடுங்க. இல்லைன்னா நீங்க ஒண்ணு அழிக்க அழிக்க, விண்டோஸ் அப்டேட் பின்வாசல் வழியா இன்னொண்ணு இறக்கும். 'ப்ரோக்ராம்ஸ்' லிஸ்ட்ல ரியல்டெக் ஆடியோ இருந்தா அன்இன்ஸ்டால் பண்ணுங்க. டிவைஸ் மேனேஜர்லயும் அந்த வரியை ரைட் கிளிக் பண்ணி அன்இன்ஸ்டால். அப்ப ஒரு குட்டிக் கட்டம் வந்து, டிரைவர் சாஃப்ட்வேரையும் சேர்த்து நீக்கவான்னு கேக்கும். அதுல டிக் அடிக்கணும். நிறையப் பேர் கோட்டை விடுறது இந்த டிக்கில்தான். ரீஸ்டார்ட். இப்ப பொது டிரைவர் தானா வந்து உக்காந்து சத்தம் வந்துட்டா வேலை முடிஞ்சுது. வரலைன்னா, 'அப்டேட் டிரைவர்'ல போயி, கம்ப்யூட்டரில் இருக்கிற லிஸ்ட்லேருந்து நானே எடுத்துக்கறேன்னு சொல்லி, 'ஹை டெஃபனிஷன் ஆடியோ டிவைஸ்'ஸைக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டு வந்து உக்கார வைங்க. அதுவும் சரிப்படலைன்னா கம்பெனி டிரைவரை இப்ப போடுங்க. சுத்தமான தரையில் கோலம் போடற மாதிரி அழகா ஏறும்.

டிரைவரெல்லாம் பக்கா, ஆனா பின்னாடி ஸ்பீக்கரில் சத்தம் விட்டு விட்டு வருதுன்னா முன்பக்க ஹெட்போன் ஓட்டையைச் சந்தேகப்படுங்க. பழைய கேபினெட்டின் முன்பக்க வயர் 'ஏசி 97' காலத்தது, போர்டு அடுத்த தலைமுறை. ஹெட்போன் மாட்டாமலேயே மாட்டினதா நினைச்சு பின்பக்கத்தை ஊமையாக்கிடும். ரியல்டெக் பேனல்ல முன்பக்க ஜாக் டிடெக்‌ஷனை அணைக்க ஒரு டிக் இருக்கு. அடிச்சா நின்னுடும்.

பென் டிரைவ் தீர்ப்பு

எல்லாம் பண்ணியாச்சு, அப்பவும் மௌனம். இப்பதான் சிப் உண்மையிலேயே செத்துச்சான்னு கேக்கணும். அதுக்குக் கடைக்குப் போக வேண்டாம். ஒரு 8 ஜிபி பென் டிரைவ் போதும். லினக்ஸ் மின்ட்டை அதுல ஏத்தி, பென் டிரைவிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்புங்க. ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலேயே லினக்ஸ் ஓடும், டெஸ்க்டாப்பில் இருக்கிற 'இன்ஸ்டால்' ஐகானை மட்டும் தொட்டுடாதீங்க. லினக்ஸில் இந்தச் சிப்புகளுக்கான டிரைவர் கெர்னலோடவே வந்துடும். அங்கே பாட்டு கேட்டுச்சுன்னா உங்க மதர்போர்டு நல்லா இருக்கு, பிரச்னை விண்டோஸ்ல. கேக்கலைன்னா உடனே ஒப்பாரி வைக்காதீங்க. டெர்மினலில் 'ஆல்சாமிக்சர்'னு அடிச்சா வர்ற கம்பங்களின் அடியில் 'எம்எம்'னு இருந்தா அது மியூட். எம் கீயைத் தட்டினா திறந்துடும்.

இந்தப் பென் டிரைவ் சமாசாரம் உங்க கையில இருந்தா "போர்டு போச்சு"ன்னு யாரும் உங்ககிட்ட லேசுல சொல்ல முடியாது. 2011-ல ஆரம்பிச்ச நம்ம அரசு லேப்டாப் திட்டத்துல 'பாஸ்' லினக்ஸும் கூடவே வந்துச்சே, அண்ணன் அக்கா காலத்துல? முக்கால்வாசிப் பேர் அதைத் தொறந்தே பாக்கலைங்கறது என் வருத்தம்.

வீரமாமுனிவர் டைப்

லினக்ஸிலும் சத்தமே இல்லை, பயாஸ்லயும் ஆன்ல இருக்கு. சரி, நண்டு போய்ச் சேர்ந்துடுச்சு. அப்பவும் மதர்போர்டை மாத்தாதீங்க! இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கட்டைவிரல் சைஸ்ல யூஎஸ்பி சவுண்ட் கார்டு கிடைக்குது. சொருகினா போதும், பொதுவா டிரைவரே கேக்காது. யூஎஸ்பி ஆடியோன்னு ஒரு பொது மொழி இருக்கு, அதை விண்டோஸும் பேசும், லினக்ஸும் பேசும். எங்க ஒன்றியத்துல ஏலாக்குறிச்சி இருக்கு, வீரமாமுனிவர் கட்டின மாதா கோயில் இருக்கிற ஊர். இத்தாலிக்காரர், துபாஷியை நம்பாம தானே தமிழ் கத்துக்கிட்டு காவியமே எழுதினவர். யூஎஸ்பி கார்டு அந்த டைப்.

இந்தக் குட்டி சாதனத்தோட அருமை எனக்குப் புரிஞ்சது போன லீவுலதான். எங்க பக்கத்துக் கிராமத்துல ஒரு அண்ணன், டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறார். பார்வை கிடையாது. ஸ்கிரீன்ல இருக்கிறதை வாசிச்சுக் காட்டுற 'என்விடிஏ' சாஃப்ட்வேரை வெச்சுத்தான் டெஸ்க்டாப்பை ஓட்டறார். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற புரோகிராமரான மைக்கேல் கரன் 2006-ல ஆரம்பிச்ச இலவச சாஃப்ட்வேர் அது. அண்ணனோட கம்ப்யூட்டரை யாரோ ஃபார்மட் பண்ணி, ஏதோ ஒரு டிரைவர் பேக்கைப் போட்டுக் கொடுத்துட்டாங்க. சத்தம் அவுட். நமக்கு சத்தம் போனா பாட்டுதான் போகும். அவருக்கு ஸ்கிரீனே போயிடுச்சு. சத்தம் ஏன் வரலைன்னு பாக்கணும்னாகூட முதல்ல சத்தம் வேணும்! பரீட்சைக்கு ஒண்ணரை மாசம் இருக்கு, நாலு நாளா பெட்டி ஊமையா நிக்குது.

நான் போய் உக்காந்து சரிபண்றதா இருந்தேன். அண்ணன் என் பையிலிருந்த யூஎஸ்பி கார்டை மட்டும் வாங்கி, தடவிப் பாத்து, சொருகி, ஹெட்போனை மாட்டினார். விண்டோஸ், கன்ட்ரோல், என்டர் மூணையும் சேர்த்து அமுக்கினார். விண்டோஸோடவே வர்ற 'நரேட்டர்' பேச ஆரம்பிச்சுடுச்சு. அதுக்கப்புறம் மௌஸை யாருமே தொடலை. டிவைஸ் மேனேஜர் திறந்து, அம்புக்குறி கீயிலேயே இறங்கி, ஷிஃப்ட்-எஃப்10 அடிச்சு, தப்பான டிரைவரை டிக்கோட தூக்கிக் கடாசி, ரீஸ்டார்ட். பத்து நிமிஷத்துல பச்சை ஓட்டையிலேயே சத்தம் வந்துடுச்சு. நான் பண்ணின ஒரே வேலை, ஹார்டுவேர் ஐடியை நரேட்டர் படபடன்னு வாசிச்சப்ப பேப்பரில் எழுதிக்கிட்டது.

அப்புறம் என்விடிஏ போட்டு, தமிழ்க் குரலையும் சேர்த்தோம். விண்டோஸ்ல தமிழுக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்திருக்கிற ஆண் குரலோட பேர் என்ன தெரியுமா? வள்ளுவர்! அண்ணன் முதல்ல திறந்தது பொதுத் தமிழ் நோட்ஸை. திருக்குறளை வள்ளுவரே கொஞ்சம் ரோபோ மாதிரி வாசிச்சார். ஸ்பீடை ஏத்தச் சொல்லி ஏத்தி, எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியாத வேகத்துல வெச்சுக்கிட்டு அண்ணன் பாட்டுக்குப் படிக்க ஆரம்பிச்சுட்டார்.

யூஎஸ்பி கார்டைத் திருப்பி வாங்கலை. அது இப்ப அவர் மேஜை டிராயரில் இருக்கு. டி டிரைவில் 'சத்தம்'னு ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள போர்டு கம்பெனியோட டிரைவர், கூடவே ஹார்டுவேர் ஐடி எழுதின ஒரு டெக்ஸ்ட் ஃபைல். அடுத்த தடவை யார் ஃபார்மட் பண்ண வந்தாலும் சி டிரைவை மட்டும் தொடணும்னு கண்டிஷன் போட்டிருக்கார்.